முதுகு யார் தேய்த்துவிடுவார்கள்?

நான் சிங்கப்பூரில் மருத்துவமனைச் சமூகப் பணியாளர். போன மாதம் ஒரு பயிற்சி மாணவியை வார்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். சமூகப்பணிப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு, கெட்டிக்காரத் தமிழ்ப் பெண். கட்டிலில் 78 வயதுத் தாத்தா. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது வீட்டில் சறுக்கி விழுந்து வந்திருக்கிறார். மாணவியின் கையில் படிவம். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று ஆறு அன்றாடச் செயல்கள்.

"தாத்தா, நீங்களாவே குளிப்பீங்களா?"

"குளிப்பேம்மா."

"நீங்களாவே உடுத்திக்குவீங்களா?"

"ம்ம், உடுத்திக்குவேன்."

ஆறு கேள்வி, ஆறு டிக். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நான் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டாரா, எந்த ஊர்க்காரர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கொஞ்ச நேரம் பேச்சு. அப்புறம் கேட்டேன். "காலையில குளிக்கிறப்ப தண்ணி யாரு தாத்தா ஊத்துறது?"

"மகன்தான். வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நாற்காலியில உக்கார வச்சு ஊத்தி விட்டுட்டுப் போவான்."

"முதுகு?"

"அவனே தேய்ச்சு விட்டுடுவான்."

"சட்டை?"

"சட்டை எங்க போடுறேன், பனியன்தான். அதையும் அவனே தலையில மாட்டி விட்டுடுவான்."

"கைலி கட்டுறது?"

"அதெல்லாம் ஒத்தக் கையில முடியுமாம்மா?" என்று சொல்லிவிட்டுத் தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கழிவறை பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று மாலை மகன் வந்ததும் அவரைத் தனியாக அழைத்துப் பேசினேன். ஆறில் நான்கு செயல்களுக்குத் தாத்தாவுக்கு ஆள் துணை வேண்டியிருக்கிறது.

ஆறில் மூன்று என்பது இந்த ஊரில் பெரிய எல்லைக்கோடு. உடல் முடியாமல் போனால் கைகொடுக்கும் எல்டர்ஷீல்ட் காப்பீடு இருப்பவர்களுக்கு மூன்று செயல்களைத் தானாகச் செய்ய முடியாமல் போனால்தான் மாதம் 300 அல்லது 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும். அதற்குப் பின் 2020 அக்டோபரில் வந்த கேர்ஷீல்ட் லைஃப் காப்பீட்டிலும் அதே மூன்று செயல் கணக்குதான். வீட்டிலேயே பார்த்துக்கொள்பவர்களுக்கான மாதாந்திர உதவித்தொகைக்கும் அந்த மூன்று வேண்டும். முறையான மதிப்பீட்டைச் செய்பவர் வேறொருவர், உண்மைதான். ஆனால் விண்ணப்பிக்கச் சொல்லலாமா என்று முதலில் கவனிக்க வேண்டியது நாங்கள். நாங்கள் "எல்லாம் தானாகச் செய்கிறார்" என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் அந்தக் கதவைத் தட்டாமலே போய்விடும்.

தாத்தா பொய் சொல்லவில்லை. "குளிப்பேன்" என்று அவர் சொன்னதற்கு "தினமும் குளித்துச் சுத்தமாக இருப்பவன் நான்" என்று அர்த்தம். பேத்தி வயதுப் பெண் கேட்டால் மானமுள்ள மனிதர் வேறு என்ன சொல்வார்? அந்தப் பெண் மேலும் குற்றமில்லை. படிவத்தில் இருந்த ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் சரியாகத்தான் கேட்டாள். அவளுக்கு யாரும் இதைக் கற்றுக் கொடுக்கவில்லை. எனக்கும் கற்றுக் கொடுக்கவில்லை.

ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். மருத்துவமனைச் சமூகப் பணியாளர்களுக்கும், வீடு திரும்பிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் கேஸ் மேனேஜர்களுக்கும் நாம் கொடுக்கும் படிப்பும் தொடர் பயிற்சியும் முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் நடக்கின்றன. வேலையோ பாதிக்கு மேல் தமிழிலும் மலாயிலும் மாண்டரினிலும் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியிலும் நடக்கிறது. நோயாளியின் மொழியில் எப்படிக் கேட்பது என்பதைத் தனியொரு திறனாக வைத்துச் சொல்லிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்த வேண்டும். அது நடக்காத வரை மற்ற பயிற்சிகள் எல்லாம் பாதிதான் பயன்படும்.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எனக்கு ஒன்று விளங்குகிறது. 1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையாரை 'அல்மோனர்' ஆக நியமித்தார்கள். இலவச சிகிச்சைக்கு வருபவர்களில் யாருக்கு உண்மையிலேயே வசதியில்லை என்று விசாரிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. சிங்கப்பூருக்கும் அல்மோனர் என்ற பெயரோடுதான் இந்தப் பணி வந்தது. 1952இல் இங்கே பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் படிப்பு தொடங்கியது. அந்தத் துறையைப் பல ஆண்டுகள் கட்டி வளர்த்த ஆன் வீ அம்மையாரிடம் படித்த தலைமுறைதான் எங்கள் மூத்தவர்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகும், எங்கள் பயிற்சியில் 'யாருக்கு எவ்வளவு தகுதி' என்ற பாடம்தான் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு, மெடிஷீல்ட் லைஃப் என்ற மருத்துவக் காப்பீடு, மெடிஃபண்ட் என்ற உதவி நிதி, குடும்ப வருமானத்தைத் தலைக்கு எவ்வளவு என்று வகுப்பது எல்லாவற்றையும் புதிதாக வரும் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் அந்தக் கணக்கில் போடுகிற விவரம் வாய்வழியாக, ஒரு மொழியில் வருகிறது. விவரம் தப்பானால் கணக்கும் தப்புதான்.

என் தப்பைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். அப்போது வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். ஒரு பாட்டியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "வீட்டுல யாரு பாட்டி பாத்துக்குவாங்க?" என்றேன். "மகன் இருக்கான்" என்றார். 'மகன் பார்த்துக்கொள்கிறார், குடும்ப ஆதரவு நன்று' என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். மகன் இருந்தது உண்மை. அவர் இரவுக் காவல் வேலை பார்ப்பவர், மாலை ஏழு மணிக்குப் போனால் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். நம்மில் ஒரு தாய் "மகன் இருக்கான்" என்றால் அதற்கு "நான் அநாதை இல்லை" என்று அர்த்தம். எனக்கு அது தெரியாதா? என் சொந்தப் பாட்டியே அப்படித்தான் பேசுவார். ஆனால் வார்டில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நின்றபோது நான் படிவத்தின் காதால் கேட்டேன். "ராத்திரி பாத்ரூம் போகணும்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பதினோராம் நாள் இடுப்பு எலும்பு முறிந்து பாட்டி திரும்ப வந்தார். விடியற்காலை மூன்று மணிக்குக் கழிவறை வாசலில் விழுந்து, மகன் வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார்.

அதற்கப்புறம் என் குறிப்பை மேலதிகாரிகள் இரண்டு பேர் படித்துப் பார்த்தார்கள். குறிப்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். இத்தனை வருடத்திலும் எனக்கு ஆறாத இடம் அதுதான். என் மேற்பார்வை முழுவதும் நான் எழுதியதை வைத்து நடந்தது. நான் கேட்டதை யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்றைக்கும் பெரும்பாலான பயிற்சி இப்படித்தான் நடக்கிறது. மாணவர் கட்டிலோரம் போய்விட்டு வருவார், அறிக்கை எழுதுவார், அந்த அறிக்கையை நாம் திருத்துவோம்.

கேஸ் மேனேஜர்கள் நிலை இன்னும் சிரமம். பலர் தாதிகளாக இருந்து இந்த வேலைக்கு வந்தவர்கள். நோயைப் பற்றி என்னைவிட அவர்களுக்குப் பல மடங்கு தெரியும். ஆனால் வீடு திரும்பியவர்களிடம் அவர்கள் பேசுவது பெரும்பாலும் தொலைபேசியில், முகம் பார்க்காமல். "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" "சாப்பிடுறேன்." முடிந்தது பேச்சு. என் தோழி ஒருத்தி வேறு மாதிரி கேட்பாள். "அம்மா, அந்த வெள்ளை மாத்திரை அட்டையைக் கொஞ்சம் கையில எடுங்க. இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு?" இருபது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு இருக்கும். இதை அவள் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. அவளுடைய மாமியாரிடம் கற்றாள்.

மொழிபெயர்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். வார்டில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் என்ன நடக்கும் தெரியுமா? கண்ணில் படுகிற தமிழ் முகத்தைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த தம்பியை அழைத்து, புற்றுநோய் முற்றிய ஒரு பெரியவருக்கு டாக்டர் சொன்னதை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். இனி வலியைத் தணிக்கும் பராமரிப்பு என்று டாக்டர் விளக்கமாகச் சொன்னார். தம்பி கையில் மாப்போடு நின்று, "இனிமே மருந்து கிடையாதாம்யா" என்றார். பெரியவர் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அந்தத் தம்பியும் அழுதார், அதை நான் பார்த்தேன். தன் அப்பா வயது மனிதரிடம் சாவுச் செய்தி சொல்ல அவருக்குச் சம்பளமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

இப்போது கைப்பேசிச் செயலி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'டிஸ்சார்ஜ்' என்பதற்கு ஒரு செயலி "உங்களை வெளியேற்றுகிறோம்" என்று காட்டியதைக் கண்ணால் பார்த்தேன். வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியிடம் அதை நீட்டினால் அவர் நெஞ்சு என்ன பாடுபடும்? "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்பதுதான் அதற்குத் தமிழ்.

தமிழர்கள் எத்தனை பேர், இதற்காகத் தனிப் பயிற்சியா என்றும் கேட்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 2.5 பேர். சிறிய எண்தான். ஆனால் அது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் கணக்கில் எடுத்தது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் நம் தம்பிகள் அதில் வரமாட்டார்கள். மேலும், இது தமிழுக்கு மட்டுமான கோரிக்கை இல்லை. ஹொக்கியன் பேசும் சீனப் பாட்டிக்கும் இதே கதைதான். அவருடைய சமூகப் பணியாளர் பள்ளியில் மாண்டரின் படித்தவர்.

அந்தத் தம்பிகளைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்ட ஒரு புதுக்கோட்டைத் தம்பி. முப்பது வயதுகூட ஆகவில்லை. வேலை அனுமதியில் வந்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மெடிஷீல்டும் கிடையாது, மெடிஃபண்டும் கிடையாது. முதலாளி எடுத்த மருத்துவக் காப்பீடும், வேலையிட விபத்துக்கான இழப்பீடும்தான். அந்த மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்ச அளவை 2023 ஜூலையில் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். பெரிய நிம்மதி அது. பணக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வீடியோ அழைப்பில் அவர் மனைவி, "அக்கா, இவரு ஊருக்கு வந்தா யாரு பாப்பாங்க? எங்க கொண்டு போறது?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஒரு திட்டம் இருக்கிறது, வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பார்கள் என்று எனக்குச் சொன்னது அந்தத் தம்பியின் அண்ணன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை அவர்தான் விளக்கினார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் அவர்தான். இத்தனை ஆண்டாகத் தமிழ்நாட்டுக்கு நோயாளிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். விமான நிலையத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் வகுப்புகூட எங்களுக்கு நடந்ததில்லை.

சரி, என்ன செய்யலாம்? பதிவு பெற்ற சமூகப் பணியாளராகத் தொடர நாங்கள் தொடர்கல்வி மணிநேரம் காட்ட வேண்டும். தாய்மொழியில் நேர்காணல் செய்யும் பயிற்சி அந்த மணிநேரங்களில் தாராளமாக நடக்கட்டும். மூத்தவர்கள் மாதம் ஒருமுறையாவது இளையவரோடு கட்டிலோரம் போய் உட்கார்ந்து, அவர் கேட்கும் கேள்வியைக் காதால் கேட்கட்டும். அதற்கான நேரத்தைப் பணி அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும், மதிய உணவு வேளையில் திருடச் சொல்லக் கூடாது. ஓய்வுபெற்ற தமிழ்த் தாதிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த மிஸ்ஸிகளை அழைத்து வந்து, கூலி கொடுத்து, வகுப்பெடுக்கச் சொல்லுங்கள். ஒரு கிழவரிடம் அவர் மானம் போகாமல் மலச்சிக்கலைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள். தமிழ் தெரியாத சக ஊழியர்களுக்கும் நாலு வாக்கியமாவது சொல்லித் தர வேண்டும். என்னோடு வேலை செய்யும் சீனத் தோழி, "சாப்டீங்களா பாட்டி?" என்று கேட்டபடிதான் தமிழ்ப் பாட்டிகளின் கட்டிலுக்கு வருவாள். அதற்கப்புறம் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை அந்தப் பாட்டிகள் அவள் கையை விடுவதில்லை.

2030இல் இங்கே குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்கிறது அரசாங்கம். அதில் என் அம்மாவும் இருப்பார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் போன வருடம் காய்ச்சலில் கிடந்தபோது அவர் வாயிலிருந்து தமிழைத் தவிர எதுவும் வரவில்லை.

பின்குறிப்பு: வார்டுக்கான சொற்களை ஒரு நோட்டில் தொகுத்து வருகிறேன். படிவத்துச் சொல் ஒரு பக்கம், வீட்டில் பேசும் சொல் மறுபக்கம். இப்போதைக்கு 63 சேர்ந்திருக்கின்றன. அந்த மாணவி அவள் பங்குக்கு ஏழு கொடுத்தாள், அதில் "கைத்தாங்கலா நடப்பீங்களா?" என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு மருத்துவமனைக்குப் போனபோது புரியாமல் போன சொல், சட்டென்று புரிந்த சொல், எதுவானாலும் கீழே எழுதுங்கள். கடைசிக் காலத்தில் வலி தணித்துப் பார்த்துக்கொள்ளும் 'ஹாஸ்பிஸ்' என்பதற்கு மட்டும் நோட்டில் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.