ஒரு பிரிவுக்கு முப்பது பேர் என்று யார் சொன்னது?

தீசிஸ் ஒப்படைக்கும் நாள் நெருங்கினால், புள்ளியியல் கற்பிக்கும் என்னைப் போன்றவர்களின் வீட்டுக் கதவை புதுச்சேரியின் முதுநிலை மருத்துவ மாணவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேலும் தட்டுவார்கள். சென்ற வாரம் வந்தவரின் எக்செல் தாளில் புது மருந்து, பழைய மருந்து என்று பிரிவுக்கு 30 பேராக 60 பேரின் இரத்த அழுத்தம் இருந்தது. ஏன் 30 என்று கேட்டேன். "சீனியர் தீசிஸிலும் அதுதான் சார்" என்றார்.

பழைய மருந்தைவிட இரத்த அழுத்தம் எவ்வளவு கூடுதலாகக் குறைந்தால் நோயாளிக்குப் பயன் என்பதை மருத்துவர்தான் முதலில் சொல்ல வேண்டும், சாஃப்ட்வேர் சொல்லாது. திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு சிதறும் அளவு) 16 மி.மீ. பாதரசம், தவறவிடக் கூடாத வேறுபாடு 8 மி.மீ. என்று கொண்டால், 80 சதவீத பவருக்கும் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழைக்கும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) பிரிவுக்கு ஏறக்குறைய 64 பேர் வேண்டும். வேறுபாட்டை 4 ஆகக் குறைத்தால் எண்ணிக்கை இரு மடங்கல்ல, நான்கு மடங்காகும். 30 பேரோடு நிறுத்தினாலோ, உண்மையிலேயே 8 மி.மீ. கூடுதலாகக் குறைக்கும் மருந்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிகூட இல்லை. காசைச் சுண்டிப் பார்த்திருக்கலாம்.

இடையில் நின்றுவிடுபவர்களுக்கும் இடம் விட வேண்டும். கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து பேருந்தில் வருபவர்கள் கார்த்திகை மழையில் மறுபரிசோதனைக்கு வருவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த வாரத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்தில் ஒருவர் நின்றுவிடுவார் என்றால் 64-உடன் 20 சதவீதத்தைக் கூட்டி 77 என்று எழுதுகிறார்கள். 77-இல் ஐந்தில் ஒரு பங்கு போனால் 62 பேர்கூட முழுதாகத் தேற மாட்டார்கள். 64-ஐ 0.8-ஆல் வகுத்து 80 என்று எழுதுவதே சரி.

எந்தப் புள்ளியியல் டெஸ்ட் என்ற விஷயம் இதைவிட மோசம். புது மருந்துப் பிரிவில் அதே ஆட்களின் முன், பின் அளவுகளை ஒப்பிடும் இணை டி-டெஸ்ட் செய்து பி (வேறுபாடே இல்லாதபோதும் இப்படியொரு விடை தற்செயலாக வரும் வாய்ப்பு; 0.05-க்குக் கீழ் இருந்தால் ஏற்பது வழக்கம்) 0.03, பழைய மருந்தில் 0.08, ஆகவே புதியதே சிறந்தது என்று அவர் எழுதியிருந்தார். இரு பிரிவுகளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படவே இல்லை! நேரடியாக ஒப்பிட்டபோது பி 0.05-ஐத் தாண்டியதால், மான்-விட்னி என்ற வேறொரு டெஸ்டைப் போட்டுப் பார்க்கலாமா என்றார். பிடித்த விடை வரும்வரை டெஸ்டை மாற்றிக்கொண்டே போனால் 5 சதவீதப் பிழை என்ற பேச்சுக்கே பொருளில்லை. மருந்துகளை மனிதரிடம் சோதிக்கும் ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். முதன்மை விளைவையும் (ஆய்வு முக்கியமாக அளக்கப்போவது) மாதிரி அளவையும் (எத்தனை பேர் என்பது) அதில் எழுதும் அன்றே, எந்த டெஸ்ட் என்பதையும் ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிடலாமே.

கடைசியில், வேறுபாடு 5 மி.மீ., 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மை வேறுபாடு இருக்கக்கூடிய எல்லை) −3 முதல் 13 வரை என்று உள்ளது உள்ளபடியே எழுதச் சொன்னேன். கைடு ஒப்புக்கொள்வாரா என்று கவலைப்பட்டபடியே லேப்டாப்பை மூடினார்.