கணக்கிலிருந்து போன காசு யாருக்குப் போனது என்று வங்கிதான் முதலில் சொல்ல வேண்டும்

வங்கி ஸ்டேட்மென்டில் ஒரு வரி. காசு வெட்டியிருக்கிறது. பக்கத்தில் ஏதோ போன் கம்பெனியின் பெயர் மாதிரி ஆங்கில எழுத்துகள், பின்னால் கொஞ்சம் இலக்கங்கள். எதற்கு என்று புரியாமல் கவுண்டருக்குப் போனால் "கம்பெனிக்குப் பேசிக் கேளுங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது பிழை. கணக்கை வைத்திருப்பது வங்கி, காசை எடுத்துக் கொடுத்ததும் வங்கி. யாருக்கு, எந்த வழியாகக் கொடுத்தோம் என்று சொல்வதும் அதன் வேலைதான்.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர் எங்கள் பெரியம்மா. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு போட்டிருந்த அவருடைய கணக்கிலிருந்து மாதா மாதம் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. வங்கியில் கேட்டால் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். கம்பெனிக்கு எடுத்தால், "உங்கள் பெயரில் எங்களிடம் இணைப்பே இல்லை, வங்கியில் கேளுங்கள்" என்றார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஆனால் நடுவில் நின்று, ஹட்டனுக்கு பஸ் ஏறி, வரிசையில் காத்திருந்து, மழையில் நனைந்து வீடு திரும்பியது எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனுஷி.

எழுத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. மகன் கட்டாருக்குப் போவதற்கு முன், தன்னுடைய போஸ்ட்பெய்ட் பில் அம்மாவின் டெபிட் கார்டிலிருந்து தானாகவே கட்டுப்படும்படி கம்பெனியின் ஆப்பில் பதிந்து வைத்திருக்கிறார். அவர் போன பிறகு அந்த சிம்மை யாரும் பாவிக்கவில்லை, ஆனாலும் மாதக் கட்டணம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. திருட்டு இல்லை. அந்த இணைப்பு யாருடையது என்பது வங்கிக்குத் தெரியாது என்பதும் உண்மைதான். ஆனால் இது கார்டு விபரம் கொடுத்து ஆன்லைனில் போன கட்டணம் என்பதும் அதற்கான ரெபரன்ஸ் இலக்கமும் வங்கியிடம் முதல் நாளே இருந்தன. அதை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தால் கம்பெனிக்காரர் தேடிப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

அந்த வரி ஏன் இப்படிப் புரியாமல் வருகிறது? கார்டுக் கொடுக்கல் வாங்கல் தகவல்கள் போகும் ஐஎஸ்ஓ 8583 என்ற சர்வதேச முறையில், காசு வாங்குகிறவரின் பெயர், ஊர், நாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 எழுத்துக்குத்தான் இடம். அதற்குள் பெயரைச் சுருக்கி, வெட்டி, கோட் போட்டு அடைக்கிறார்கள். வெளியில் போர்டில் நாம் பார்க்கும் பெயர் ஒன்று, பதிவு செய்த கம்பெனியின் பெயர் வேறொன்று. நடுவில் நின்று காசை வாங்கிக் கொடுக்கும் பேமன்ட் கேட்வேயின் பெயர் மட்டும் வருவதும் உண்டு. நாம் ரீலோட் போட்ட நாளும் ஸ்டேட்மென்டில் விழும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு கட்டியது திங்கட்கிழமைத் திகதியில் நிற்கும்.

தொகையும் குழப்பும். விளம்பரத்தில் ஒரு விலையைப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் "வரிகள் தனி" என்றிருக்கும். 2022இல் 15 வீதமாக்கிய தொலைத்தொடர்புத் தீர்வை, 2024 ஜனவரியில் 18 வீதமான பெறுமதி சேர் வரி என்று சேர்ந்து பில்லாக வரும்போது அது நாம் மனதில் வைத்திருந்த தொகையாக இருக்காது. தெரிந்த பில்லே தெரியாத பில்லாகத் தோன்றும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கும் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஸ்டேட்மென்ட் வரியில் 'எஸ்எம்எஸ்' என்று இருந்தால் போன் கம்பெனிதான் காசை எடுத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வங்கியே எடுக்கும் கட்டணம். கணக்கில் காசு வந்தால் போனால் மெசேஜ் அனுப்புகிறார்களே, அதற்கு. கணக்குத் திறந்த நாளில் நீட்டிய பாரத்தில் அதற்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ராசிபலன், கிரிக்கெட் செய்தி, ரிங்டோன் என்று போனில் வெட்டுகிற காசு வேறு. அது சிம்மின் மீதியிலிருந்து போவது, வங்கிக் கணக்கில் தெரியாது. அதை நிறுத்த கம்பெனிக்குத்தான் பேச வேண்டும்.

ஆகவே, இப்படி ஒரு வரியைப் பார்த்தால் முதலில் வீட்டில் கேளுங்கள். கொழும்பில் வேலை செய்யும் மகள், வெளிநாட்டிலிருக்கும் மகன், டிவி டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் போடும் பேரன், யாராவது உங்கள் கார்டு இலக்கத்தை எங்கேயாவது கொடுத்திருக்கிறார்களா என்று. இல்லையென்றால் வங்கியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: காசு வாங்கியவரின் முழுப் பெயர், ரெபரன்ஸ் இலக்கம், கார்டிலா, நிலையான கட்டளையிலா (மாதா மாதம் கட்டும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்தது), ஆப்பிலா எந்த வழியில் போனது என்பது. யாரும் கொடுக்கவில்லை, வங்கிக்கும் விளக்கம் தெரியவில்லை என்றால் அன்றைக்கே கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் அது வீட்டில் யாரோ பதிந்து வைத்த பில்தான் என்றால் கார்டை நிறுத்துவது மட்டும் போதாது. இணைப்பை முறையாகத் துண்டிக்காவிட்டால் பில் நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். சிம் தொலைந்துவிட்டது என்பதற்காகவும் போஸ்ட்பெய்ட் கட்டணம் நிற்காது.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள், தமிழில் எழுதுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி சரியான பதில் தராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935இல் பேசலாம். தொலைபேசிக் கம்பெனி பதில் தராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. இந்த ஸ்டேட்மென்ட் வரியைப் பற்றி விசாரிக்கிறோம் என்று சொல்லி யாராவது போனில் ஓடிபி (உங்கள் போனுக்கு மெசேஜில் வரும் ஒருதடவை இரகசிய இலக்கம்) கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள், உடனே போனை வையுங்கள்.

"இருநூறு முந்நூறு ரூபாவுக்கு இவ்வளவு அலைச்சலா?" என்று கவுண்டரில் ஒருவர் கேட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. நாள் சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று எங்கள் தோட்டத்துச் சனம் வருடக்கணக்காக ரோட்டில் நின்று, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. முந்நூறு ரூபா என்பது அந்தச் சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, அட்டைக்கடியோடு மலையில் நின்ற சில மணித்தியாலம். அதைச் சின்னக் காசு என்று சொல்ல அந்தக் கதிரையில் இருக்கிறவருக்கு உரிமை இல்லை.

1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. நுவரெலியா மாவட்டத்தில் தமிழர்தான் பெரும்பான்மை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கிளை திறந்து எங்கள் சம்பளத்தையும் ஈபிஎப் காசையும் வாங்கி வைக்கும் வங்கிகள், கவுண்டருக்கு ஒருவரையாவது தமிழில் இந்த வரிகளை வாசித்து விளக்கப் பழக்க வேண்டும். ஸ்டேட்மென்டின் பின்பக்கத்தில் வழக்கமான சுருக்கெழுத்துகளுக்குத் தமிழில் விளக்கம் அச்சடிக்கலாம். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை.

பெரியம்மாவுக்காக எழுதிய முறைப்பாட்டுக் கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது. பெயர், கணக்கு இலக்கம் இல்லாமல் வெறும் மாதிரியாகத் தருகிறேன். தேவைப்படுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். உங்கள் ஸ்டேட்மென்டைப் போட்டோ எடுத்து எனக்கோ வேறு யாருக்குமோ அனுப்ப வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் டைப் செய்து அனுப்புங்கள், போதும்.