பில் இருந்தால் எதையும் திருப்பலாம் என்பது இலங்கையில் சட்டமில்லை

“பில் இருந்தால் 14 நாளுக்குள் எந்தப் பொருளையும் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாம், கடைக்காரர் மறுத்தால் குற்றம்” என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிக் கடைகளில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். அந்த 14 நாள் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் ஒன்லைனில் வாங்குகிறவர்களுக்கு உள்ள உரிமை. லண்டனில்கூட கடைக்குள் நின்று பார்த்து வாங்கிய சேலை வீட்டுக்கு வந்ததும் பிடிக்கவில்லை என்றால், திருப்பி எடுப்பது அந்தக் கடையின் விருப்பம்தான்.

நம் நாட்டில் மனம் மாறியதற்காகப் பொருளைத் திருப்பும் பொதுவான உரிமை கிடையாது. ஆனால் பழுதான பொருள் வேறு கதை. சொந்தக்காரர் வீட்டுச் சடங்குக்கு வாங்கிய ரைஸ் குக்கர் முதல் நாளே சூடாகவில்லை என்றால், “விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது” என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதே என்று பேசாமல் திரும்பி வர வேண்டாம், முதலில் கடையில் கேளுங்கள், சரிவராவிட்டால் 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். விவரம் கேட்க அந்தச் சபையின் தொலைபேசி எண் 1977. இப்படி முறைப்பாடு கொடுக்கும் உரிமை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது.

பில்லைக் கேட்டால் தந்தே ஆக வேண்டும், அதுவும் அதே சட்டம்தான். கடைக்காரர் “ஒரு கிழமைக்குள் மாற்றித் தருவேன்” என்று வாயால் சொன்னால், சரி, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அப்புறம் மின்சாரப் பொருளென்றால் காசு கொடுக்க முன்னமே கடையில் பிளக்கில் போட்டுப் பாருங்கள்.