மாநாட்டு வேலைக்குப் போகலாமா, அண்ணா?

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார். "அண்ணா, ஒரு கணினி மாநாட்டுக்குத் தன்னார்வலராக வரச் சொல்கிறார்கள். பணம் கிடையாது, நல்ல அனுபவம் கிடைக்கும் என்கிறார்கள். போகலாமா?" பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியில் முடியவில்லை. நிரலாளர்களுக்கான இரண்டு நாள் மாநாட்டைச் சென்னையில் நண்பர்களோடு சேர்ந்து நான்கு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். எனக்கு என்ன கிடைத்தது, என்ன போனது என்று பார்க்காமல் அவருக்கு எதைச் சொல்வது?

போனதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாநாட்டுக்கு முந்தைய ஆறு மாதம் சனிக்கிழமை மாலை என்று ஒன்று எனக்குக் கிடையாது. மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒருமுறை போக முடியவில்லை; அவள் குறத்தி வேடம் கட்டி ஆடியதைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். நிதி தருவதாக ஒப்புக்கொண்ட நிறுவனம் ஒன்று மாநாடு முடிந்து நான்கு மாதம் கழித்துப் பணம் அனுப்பியது. சமையல்காரர் அதுவரை காத்திருப்பாரா? நாங்கள் மூன்று பேர் கையிலிருந்து போட்டுக் கொடுத்தோம். என் மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

கிடைத்ததைச் சொல்வதுதான் கடினம். தொடர்புகள் கிடைக்கும், வேலை தேடும்போது உதவும் என்பார்கள். அதெல்லாம் கொஞ்சம் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் வருகிறவர்கள் இரண்டாவது கூட்டத்தோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு நினைவில் நிற்பது முதல் ஆண்டு, மாநாட்டுக்கு முந்தின இரவு. அச்சகத்திலிருந்து அடையாள அட்டைகள் வந்து சேரும்போது மணி ஒன்பது. வட்டமாக உட்கார்ந்து கயிறு கோர்த்துக்கொண்டிருந்தோம். இருபதாவது அட்டை இருக்கும், ஒரு தோழி அதைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்றார். அட்டையின் நடுவில் பெரிய எழுத்தில் "கே" என்று மட்டும் இருந்தது. பெயர் அதற்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத அளவில். பதிவுப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருந்தோம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் ஏது? தலைப்பெழுத்தை முன்னால் எழுதிப் பழகியவர்கள் அதையே முதல் கட்டத்தில் நிரப்பியிருக்கிறார்கள். மென்பொருள் முதல் கட்டத்தைப் பெரிதாக அச்சடித்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று அட்டைகள்.

அந்நேரத்துக்கு அச்சகம் ஏது. வெள்ளைத் தாளை அளவாக வெட்டினோம். கையெழுத்து நன்றாக உள்ள இருவர் கறுப்பு மார்க்கரால் பெயர் எழுதினார்கள், மற்றவர்கள் ஒட்டினார்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பெரிய நிறுவனமொன்றில் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தலைவர், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தார். முடியும்போது இரவு இரண்டு மணி. மறுநாள் காலை திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மாணவி ஒருவர் தன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "என் பெயரைக் கையால் எழுதியிருக்கிறீர்களே!" என்று சிரித்தார். காரணத்தை நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக எங்கள் மென்பொருளின் பதிவுப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். அதே இரண்டு கட்டங்கள். பத்து ஆண்டுகளாக நானே அப்படிப் படிவங்களை எழுதிவந்திருக்கிறேன், ஒருநாளும் உறுத்தியதில்லை. "உங்களை எப்படி அழைக்க வேண்டும்?" என்று ஒரே கட்டமாக மாற்ற வைப்பதற்குள் மூன்று கூட்டங்களில் வாதாட வேண்டியிருந்தது. எந்தப் பயிற்சி வகுப்பும் இதை எனக்குச் சொல்லித் தந்திருக்காது.

இன்னொன்று, மறுக்கக் கற்றுக்கொண்டது. இருபத்து நான்கு உரைகளுக்கு இடம், வந்த முன்மொழிவுகள் நூற்று முப்பது. எல்லாவற்றையும் படித்தோம். நூறு பேருக்கு மேல் "இந்த முறை இல்லை" என்று எழுத வேண்டும். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்று முதலில் நினைத்தோம், மனம் வரவில்லை. ஆளுக்குப் பத்து, பதினைந்து என்று பிரித்துக்கொண்டு, எங்கே தெளிவு போதவில்லை என்பதை ஒவ்வொருவருக்கும் நான்கு வரி எழுதினோம். சேலத்திலிருந்து விண்ணப்பித்த ஒருவர் அந்த நான்கு வரிகளை வைத்துக்கொண்டு தன் உரையை மாற்றி எழுதி மறு ஆண்டு வந்தார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த உரை அவருடையதுதான். அரங்கின் கடைசி வரிசையில் நின்று கேட்டபோது எனக்கு இருந்த நிறைவை எந்தச் சம்பள உயர்வும் தந்ததில்லை.

இப்படிப்பட்ட உழைப்பின் பயன் செய்தவருக்கே தெரியாமல் வெகுதூரம் போய்ச் சேரும். இந்தப் பதிவை நான் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பேசி முடிவெடுத்து வந்தது அது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில், கணினியிலும் இணையத்திலும் தமிழை வளர்க்க உத்தமம் என்ற அமைப்பு பிறந்தது. கட்டுரை படித்தவர்களின் பெயர்கள் மாநாட்டு மலர்களில் இருக்கும். அரங்கைப் பூட்டிச் சாவி கொடுத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை மீனம்பாக்கத்தில் நள்ளிரவில் காத்திருந்து அழைத்துவந்தவர்கள் யார் யாரோ. அவர்களுக்கும் என் விரல்களில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இவ்வளவையும் மனதார நம்புகிறேன். ஆனாலும் அந்தத் தம்பியிடம் யாரோ சொன்ன "நல்ல அனுபவம் கிடைக்கும்" என்ற பேச்சு எனக்குக் கோபத்தைத் தருகிறது. அனுபவத்தைப் பெற்றவன் சொல்ல வேண்டிய சொல் அது. வேலை வாங்குகிறவர் அதைக் கூலியாக நீட்டக் கூடாது.

பைத்தான் என்ற கணினி நிரல் மொழியில் எழுதுகிறவர்கள் அமெரிக்காவில் 2003 முதல் நடத்தும் பைகான் மாநாட்டில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. பேச்சாளர், அமைப்பாளர் உட்பட எல்லோரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். வசதி இல்லாதவர்களுக்குத் தனியாக நிதியுதவி உண்டு. முதலில் கேள்விப்பட்டபோது, உழைக்கவும் வேண்டும், காசும் கொடுக்க வேண்டுமா என்று எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இப்போது அதில் ஒரு நேர்மை தெரிகிறது. யார் எதைக் கொடுக்கிறார்கள், யாருக்கு எது போகிறது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். மாதச் சம்பளம் வாங்கும் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு உழைக்கலாம். தாம்பரத்திலிருந்து ரயில் ஏறி, தேநீருக்கும் சொந்தக் காசு போடும் மாணவனை என்னோடு ஒரே தட்டில் வைத்து இருவரையும் "தன்னார்வலர்" என்று அழைப்பது எப்படிச் சரியாகும்?

இதை நான் யாரையோ குறை சொல்வதற்காக எழுதவில்லை. எங்கள் மாநாட்டிலேயே நடந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். இரண்டாம் அரங்கின் வாசலில் இருந்த மாணவரிடம் எந்த உரை பிடித்தது என்று கேட்டேன். "நான் ஒன்றையும் கேட்கவில்லை அண்ணா. இரண்டு நாளும் வாசலிலேயே இருக்கச் சொன்னார்கள்" என்றார். முகத்தில் வருத்தம்கூட இல்லை, அப்படித்தான் இருக்கும்போல என்று ஏற்றுக்கொண்ட முகம். உள்ளே பேசியவர் அந்தப் பையன் படித்துக்கொண்டிருந்த பாடத்தில் வல்லவர். நடுவில் ஒரு கதவுதான். பணிப் பட்டியலைப் போட்டவன் நான்.

தம்பி, நீங்கள் போங்கள் என்றுதான் சொல்வேன். போவதற்கு முன் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். போக்குவரத்துச் செலவைத் தருவீர்களா? என் வேலை என்ன, எத்தனை மணி நேரம்? எந்தெந்த உரைகளை நான் உட்கார்ந்து கேட்கலாம்? தயங்காமல் பதில் சொன்னால் நல்ல இடம். "முதலில் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றால் யோசியுங்கள்.

எங்கள் இந்த ஆண்டு மாநாட்டுக்கான ஏற்பாட்டுக் கூட்டம் வரும் சனிக்கிழமை. செலவுப் பட்டியலில் தன்னார்வலர்களின் பயணச் செலவை அரங்க வாடகைக்கு அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறேன். வாசல் பணி ஒருவருக்கு அரை நாளுக்கு மேல் கிடையாது. ஆள் குறைந்தால் அங்கே நான் நிற்பேன்.