ஒருநாள் உறுதிமொழி எத்தனை வருடம் தாங்கும்?
பள்ளியில் ஒருமுறை விழிப்புணர்வு வகுப்பு எடுத்துவிட்டால் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் போதைப் பக்கம் போக மாட்டார்கள் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வதை நம்ப முடியவில்லை. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் போலீஸ்காரர்களையே வகுப்புக்கு அனுப்பி ஆரம்பித்த 'டேர்' (D.A.R.E.) என்ற போதை எதிர்ப்புத் திட்டத்துக்கு இல்லாத ஆர்ப்பாட்டமா? அதில் படித்தவர்களைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பாடம் மட்டும் படித்தவர்களுக்கும் அவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நியூயார்க்கில் பாட்வின் என்ற உளவியல் ஆய்வாளர் நடத்திய திட்டம் வேறு மாதிரி: ஏழாம் வகுப்பில் 15 பாடவேளை, எட்டில் 10, ஒன்பதில் 5. நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்று நடித்துப் பழக வைத்தார்கள். ஒழுங்காக நடந்த இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பலன் தெரிந்தது. எங்கள் குடியாத்தம் பக்கம் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று மைதானத்தில் உறுதிமொழி, ஒரு ஊர்வலம், ஒரு போட்டோ, அதோடு சரி. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் எல்லாப் பழியையும் பெற்றோர் மீது போட்டிருக்கிறார். இங்கே அம்மா மடியில் முறத்தை வைத்து பீடி சுருட்டுவார், பள்ளி விட்டு வந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டித் தருவாள். அவளுடைய நோட்டுப் புத்தகமே அந்தக் கூலியில் வாங்கியதுதான். 'புகையிலை உயிரைக் கொல்லும்' என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? அப்புறம், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. பெட்டிக்கடையில் பையன் கண்ணைக் காட்டினால் போதும், மிட்டாய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து பொட்டலம் வருகிறது. மூன்று வருடம் தொடர்ந்து பாடம் நடத்த எந்த ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கப்போகிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.