ஹரிதா கௌருக்கு ஒரு வரி போதாது
2016 ஜூன் 18 அன்று போர் விமானிகளாகப் பொறுப்பேற்ற மூன்று பெண்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால், இந்திய விமானப்படையில் தனித்துப் பறந்த முதல் பெண்ணான ஹரிதா கௌர் தியோலை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்குக் குறையாகவே படுகிறது. 1994 செப்டம்பர் 2 அன்று அவர் ஓட்டிய ஆவ்ரோ, இரண்டு டர்போபிராப் (சுழல்விசிறியை இயக்கும்) எஞ்சின்களும் ஏறத்தாழ 30 மீட்டர் நீள இறக்கை விரிவும் கொண்ட, நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் போக்குவரத்து விமானம். அப்போது அவருக்கு வயது 22.

அந்தச் செய்தி வந்த நாளிதழை, மார்த்தாண்டம் அருகே நான் பாடம் நடத்திய பள்ளியின் அறிவிப்புப் பலகையில் நான்கு குண்டூசிகளால் குத்தி வைத்தேன். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் மதிய உணவு மணி அடித்த பிறகும் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், "சார், இதுக்கு எந்த குரூப் எடுக்கணும்?" என்று அவள் கேட்டபோது, கணக்கும் இயற்பியலும் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. விமான நிலையமே இல்லாத நம் மாவட்டத்தில் அதற்கு மேல் விசாரிக்க எனக்கும் வழி தெரியவில்லை என்பதை (இன்றும் சற்று வெட்கத்துடன்தான்) ஒப்புக்கொள்கிறேன்.

1996 டிசம்பர் 24 அன்று ஆந்திரத்தில் நேர்ந்த ஆவ்ரோ விபத்தில் ஹரிதா உயிரிழந்தார். பெண்கள் போர் விமானம் ஓட்ட அரசு 2015 இல்தான் அனுமதித்தது என்பதால், தமக்குப் பின்னால் திறந்த அந்தக் கதவை அவர் பார்க்கவே இல்லை. கட்டுரையாளர் அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.