ஹாரன் அடித்துவிட்டால் முக்கு ரோடு உங்களுடையதா?

திண்டிவனம்–செஞ்சி சாலையில் ஊர்ப் பாதை வந்து சேரும் ஏதாவதொரு முக்கில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். காரோ வேனோ டிப்பர் லாரியோ, எவரும் பிரேக்கில் கால் வைப்பதில்லை. பகலில் ஹாரனை அழுத்துகிறார்கள், இரவில் ஹெட்லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள், இரண்டுக்கும் 'நான் நிற்க மாட்டேன், நீ ஒதுங்கிக்கொள்' என்பதே பொருள். புல்லுக்கட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கும் முதியவருக்கு அந்த ஹாரன் காதில் விழுமா, விழுந்தாலும் அவரால் சட்டென்று விலக முடியுமா என்ற யோசனை ஒருவருக்கும் கிடையாது.

கேட்டால், மெயின் ரோட்டில் வருகிறவனுக்குத்தான் முன்னுரிமை என்று சட்டம் பேசுவார்கள். முன்னுரிமை உண்டுதான், யார் மறுத்தது? ஆனால் அதைத் தருகிற அதே சாலை விதிகள்தாம், சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், யாருக்கும் ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே உள்ளே நுழைய வேண்டும் என்றும் சொல்கின்றன. சீமைக் கருவேலம் தார் விளிம்புவரை படர்ந்து, போதாக்குறைக்குக் காதுகுத்து விழா பேனர் ஒன்றும் கட்டியிருக்கும் முக்கில், குறுக்கே வரும் வண்டியின் முன்சக்கரம் சாலையில் ஏறிய பிறகுதான் அது கண்ணுக்கே தெரியும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். கால் பிரேக்கைத் தேடுவதற்குள் அந்தத் தூரம் கடந்துவிடும்.

ஊர்ப் பாதையிலிருந்து வருகிறவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். தோளுக்கும் காதுக்கும் இடையே செல்போனை இடுக்கிக்கொண்டு, வலப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பைக்கை ஏற்றுகிறார்கள். நான்கு வழிச்சாலையாக இருந்தால் இன்னும் மோசம்; சென்டர் மீடியனில் திறப்பு இருக்கும் இடம்வரை போய்த் திரும்பச் சோம்பல்பட்டு, எதிர்த்திசையிலேயே ஓரமாக வருகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் 2019-இல் கொண்டுவந்த திருத்தப்படி இது ஆபத்தான ஓட்டுதல். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய்வரை அபராதமோ, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ விதிக்கலாம். அந்த முக்கில் ஒரு போலீஸ்காரரையாவது பார்த்தால்தானே பயம் வரும்! (நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் போடும் மகான்களுக்கு எந்த டிரைவிங் ஸ்கூலில் பாடம் நடந்ததோ தெரியவில்லை.)

யாராவது செத்தால் சாலை மறியல் நடக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது, அடுத்த வாரமே வெள்ளைக் கோடோ எச்சரிக்கைப் பலகையோ இல்லாமல் ஒரு வேகத்தடை முளைக்கிறது. இருட்டில் அதைக் கவனிக்காமல் ஏறி, பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தூக்கியெறியப்படுகிறார்கள். இடம் பழகிய பைக்காரர்களோ வேகம் குறையாமல் ஓரத்து மண்ணில் இறங்கி வளைத்துக்கொண்டு போகிறார்கள், அப்போதும் ஹாரனில் இருந்து கையை எடுக்காமல்.